பூச்சிப் பெட்டியிலிருந்து டேட்டாபேஸ் வரை

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில், வீட்டில் உள்ள பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து சேமிக்கும் ஆர்வம் பலருக்கும் வரும். ஏறத்தாழ இதே வேலையை மிகப் பெரிய அளவில் செய்து வருகிறது லண்டனில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். அங்கே படமெடுத்துச் சேமிக்கப்படுபவை, ஊசியில் குத்திப் பாதுகாக்கப்பட்ட பூச்சிகள். மொத்தம் 3 கோடிக்கும் மேல் உள்ளன. இவற்றை ஏன் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும்? பார்க்கலாம்.

லேபிள்தான் முக்கியம்

ஒவ்வொரு பூச்சியின் ஊசியிலும் சிறிய காகித லேபிள் இருக்கும். அதில் பூச்சி பிடிக்கப்பட்ட இடம், தேதி, பிடித்தவர் பெயர் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். லேபிள் இருந்தால், அந்த வண்ணத்துப்பூச்சி எந்த ஆண்டு, எந்த மாதம், எந்த ஊரில் பறந்தது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் லட்சக்கணக்கான சாட்சிகள் டிராயர்களில் முடங்கிக் கிடந்தால் யாராலும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

எப்படி ஏற்றுகிறார்கள்?

லேபிளை ஊசியிலிருந்து கழற்றி, பூச்சியின் அருகில் வைத்து, ஓர் அளவுகோலுடன் படம் எடுக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொண்ட பார்கோட் உண்டு. அந்த எண்ணே போட்டோ பைலின் பெயராகவும் அமைவதால் படமும் விவரமும் மாறிப் போகாது. பின்னர் லேபிளில் உள்ளதைப் படித்து டேட்டாபேஸில் டைப் செய்கிறார்கள்.

சிக்கல் இங்கேதான். "4.6.03" என்று எழுதியிருந்தால் அது ஜூன் 4ஆ, ஏப்ரல் 6ஆ? 1903ஆ, 2003ஆ? தவறாக டைப் செய்தாலும் கம்ப்யூட்டர் அதை அப்படியே ஏற்றுக் கொள்ளும். விடையும் தவறாகும்.

கிடைத்த விடை

2014ல் வெளியான ஓர் ஆய்வுக்கு, 1876 முதல் 1999 வரை பிரிட்டனில் பிடிக்கப்பட்ட 4 வகை வண்ணத்துப்பூச்சிகளின் 2,630 மாதிரிகளை எடுத்துக் கொண்டனர். பிடித்த தேதிகளை அந்தந்த ஆண்டின் வசந்த கால வெப்பநிலையுடன் ஒப்பிட்டனர். வெப்பம் கூடிய ஆண்டுகளில், ஆரஞ்சு டிப் உள்ளிட்ட 3 வகைகள் முன்னதாகவே பறக்கத் தொடங்கியது தெரிந்தது. பிரிட்டனில் வண்ணத்துப்பூச்சிகளை நாடு முழுவதும் முறையாகக் கணக்கெடுக்கும் திட்டம் 1976ல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய 100 ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல இந்த லேபிள்கள் உதவுகின்றன.

முன்னதாக வந்தால் என்ன நஷ்டம்? ஆரஞ்சு டிப் புழுக்கள் கடுகு குடும்பச் செடிகளின் காய்களைத் தின்று வளர்பவை. செடி காய்க்கும் காலமும் புழு வரும் காலமும் விலகிப் போனால் புழு பட்டினிதான்.

படமே அளக்கிறது

இதே அருங்காட்சியகத்தின் 1,80,000க்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சிப் படங்களை அளக்க மோத்ரா என்ற புரோகிராம் பயன்படுத்தப்பட்டது. படத்தில் உள்ள அளவுகோலைப் பார்த்து, 1 மில்லிமீட்டருக்கு எத்தனை பிக்ஸெல் என்று முதலில் கணக்கிடும். பின் அதை வைத்து இறக்கையின் நீளத்தைத் தானாகவே சொல்லிவிடும். வெப்பம் கூடினால் பூச்சியின் உருவம் மாறுகிறதா என்பதை அறிய இது உதவுகிறது.

நீங்களும் பூச்சிகளைப் போட்டோ எடுப்பவரா? முதலில் கேமராவில் தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். பைல் பெயரில் ஆண்டு, மாதம், நாள், ஊர் என்ற வரிசையில் விவரங்களைக் கொடுங்கள். எடுத்துக்காட்டாக, "2025-01-14-ஊட்டி". போல்டரில் பைல்கள் தேதி வாரியாகத் தாமே வரிசையாக நிற்கும். தேதியும் இடமும் இல்லாத படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இதுபோன்ற ஆய்வுக்குப் பயன்படாது.