28 பங்காளிக்கும் மீதி வைக்காத எண்!

காரைக்குடிப் பக்கத்தில் பங்கு பிரிப்பது லேசான வேலை அல்ல. பாட்டனார் கட்டிய வீடு ஒன்று. பேரன்மாரோ பதினேழு பேர்! எப்படிப் பிரித்தாலும் ஏதாவது மீதி நிற்கும். அந்த மீதியில்தான் சண்டை பிறக்கும்.

சண்டையே வராத தொகை உண்டா?

உண்டு. அது 67,46,32,83,88,800. அதாவது 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. இத்தனை காசு இருந்தால் 1 முதல் 28 வரை எத்தனை பங்காளிகள் வந்தாலும் சமமாகப் பிரிக்கலாம். ஒரு காசு மிஞ்சாது. 29-வது ஆள் வந்தால்தான் தகராறு!

வாழைப்பழக் கணக்கு

வீட்டில் 11 வாழைப்பழம் இருக்கிறது. ஒருவரே தின்னலாம், அல்லது 11 பேர் தின்னலாம். வேறு வழி இல்லை. பழம் 12 ஆனால்? 1, 2, 3, 4, 6, 12 பேருக்குச் சமமாகக் கொடுக்கலாம். ஆறு வழி! 12-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இத்தனை வழி கிடையாது. இந்தப் பெருமை அடுத்து 24-க்கு உண்டு. பிறகு 36, 48, 60, 120. மேலே போகப் போக இவை அபூர்வம். நாம் சொன்ன பெரிய எண்ணுக்கு 10,080 வழி!

குமாஸ்தா செய்த பட்டியல்

இதைக் கண்டு சொன்னவர் கணித மேதை இராமானுஜன். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாக இருந்தவர். 1914-ல் கப்பலேறி இங்கிலாந்து போனார். மறு ஆண்டு இந்த எண்களின் பட்டியலை வெளியிட்டார். அதில் கடைசி எண் இதுதான். கணக்கிட யந்திரம் ஏது? எல்லாம் கையால் போட்ட கணக்கு. இந்த ஆராய்ச்சிக்காகவே 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது.

அவ்வளவு பெரிய பட்டியலில் ஒரே ஓர் எண் விட்டுப் போயிற்று! 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600 என்பது அது. அதை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். பட்டியலின் கடைசி எண்ணே வந்து நிற்கும்! கடைசியைப் பிடித்தவர் இதைத் தவற விட்டார். மேதைக்கும் கை தவறும் என்பதில் நமக்குக் கொஞ்சம் ஆறுதல்தான்.

1920-ல், 32 வயதில், அவர் மறைந்தார்.

கோட்டையூர்க்காரர் கொடை

முப்பது ஆண்டுகள் கழித்து, 1950-ல், அவர் பெயரால் சென்னையில் ஒரு கணித ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. பணம் கொடுத்தவர் காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார். அவர் படித்தது இலக்கியமும் சட்டமும், கணிதம் அல்ல. 1957-ல் அவர் காலமானார். நிலையம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. அங்கே இன்றும் பிள்ளைகள் கணிதம் படிக்கிறார்கள்.