தொண்டும் நிலையான மனநிறைவும்

பிறர்க்குச் செய்யும் பணியில் கிடைக்கும் மனநிறைவே நிலையானது என்பது பெரியோர் கருத்து. ஆயினும், ஊரில் முகாம் நடத்திப் பந்தலைப் பிரித்த சில நாட்களிலேயே அந்நிறைவு மறைந்துபோவதையும் நாம் காண்கிறோம். இதற்குக் காரணம் யாது? நாம் கொடுக்க விரும்பியதைக் கொடுத்தோமேயன்றி, பெறுவோருக்குக் குறையாயிருந்தது எது என்று ஆராய்ந்தோமில்லை.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஜி. வெங்கடசாமி அவர்களின் வாழ்வு இதனை நன்கு விளக்கும். 1918-ஆம் ஆண்டு வடமலாபுரம் என்னும் சிற்றூரில் பிறந்த அவர், மருத்துவம் பயின்று இராணுவத்தில் பணியாற்றினார். இளமையிலேயே கொடிய மூட்டுவாதம் கண்டு அவருடைய விரல்கள் கோணிப்போயின. அவ்விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-இல் 11 படுக்கைகளுடன் தம் மருத்துவமனையைத் தொடங்கினார்.

கண்புரை என்பது விழிக்குள் இருக்கும் வில்லை மங்கிப்போவதாகும். அறுவை செய்து செயற்கை வில்லை பொருத்தினால் பார்வை மீளும். இச்சிகிச்சையை இலவசமாகச் செய்வதாக அறிவித்தும் ஏழைகள் பலர் வரவில்லை. பேருந்துக் கட்டணம், உணவுச் செலவு, துணைக்கு வருபவர் இழக்கும் கூலி, அறுவை பற்றிய அச்சம் ஆகியவை அவர்களைத் தடுத்தன. ஆகவே ஊரிலேயே கண்ணைப் பரிசோதித்து, தேவையானோரை ஒரே வண்டியில் அழைத்துச் சென்று, உணவும் தங்குமிடமும் அளித்துத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு உருவாயிற்று. வசதியுள்ளோர் செலுத்தும் கட்டணம், இயலாதோர் சிகிச்சைக்கு உதவியது. 1992-இல் மதுரையிலேயே வில்லை தயாரிக்கத் தொடங்கியதால் அதன் விலையும் பெரிதும் குறைந்தது. வெங்கடசாமி அவர்கள் 2006-இல் மறைந்தார். பணியோ தொடர்ந்து நடைபெறுகின்றது.

நம் ஊர்களில் தொண்டாற்ற முன்வருவோர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். முகாம் நாளைத் தண்டோராப் போட்டு அறிவிப்பதோடு பணி முடிவதில்லை. வீடு வீடாகச் சென்று, பார்வை மங்கியோரைக் குறித்துக் கொள்வோம். "வயதானால் கண் இப்படித்தான்" என்று திண்ணையில் அமர்ந்திருக்கும் மூதாட்டியிடம், இது தீரக்கூடிய நோய் என்று எடுத்துரைப்போம். அவர் சென்று வரும்வரை ஆட்டையும் மாட்டையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை ஏற்பாடு செய்வோம். திரும்பியபின், மருத்துவர் கூறிய நாள் வரை சொட்டு மருந்து தவறாமல் இடப்படுகிறதா என்றும் கவனிப்போம். இவற்றுள் ஒன்று தவறினும், அவர் மீண்டும் இருளிலேயே காத்திருக்க நேரும்.

இப்பணிக்கு மாலையுமில்லை, மேடையுமில்லை. ஆயினும், அம்மூதாட்டி பிறர் துணையின்றி அரிசியிற் கல் பொறுக்குவதை அத்தெரு வழியே செல்லும்போதெல்லாம் காண்போம். அந்நிறைவு பந்தலோடு பிரிந்து போவதன்று.