இறால் ஒவ்வாமையும் கெட்ட மீனின் நஞ்சும்

கொச்சியைச் சார்ந்த மட்டாஞ்சேரியிலும், அதனையடுத்த தோப்பும்படித் துறைமுகப் பகுதியிலும் மீனும் இறாலும் அன்றாட உணவாகும். அவற்றை உண்ட சிறிது நேரத்தில் ஒருவருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் தோன்றினால், "மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்று கூறி வீட்டார் அத்துடன் விட்டுவிடுவது வழக்கம். இவ்வொரு சொற்றொடரில் வெவ்வேறான இரு கோளாறுகள் மறைந்துள்ளன. ஒன்று உண்டவரின் உடலியல்பால் விளைவது. மற்றொன்று மீன் கெட்டதால் விளைவது. இரண்டையும் ஒன்றெனக் கொண்டால், உயிருக்கு அபாயமுள்ளவர் எச்சரிக்கையின்றி விடப்படுவார். அபாயமில்லாத குழந்தையோ வீணாக மீனை இழக்கும்.

முதலாவது உண்மையான ஒவ்வாமை. உணவிலுள்ள ஒரு புரதத்தைப் பகையெனக் கருதி இரத்தம் அதற்கெதிரான பொருளை உண்டாக்கிவிடுகிறது. 1921ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் பிரௌஸ்னிட்ஸ், மீன் ஒவ்வாத தம் சகா கூஸ்ட்னரின் இரத்தநீரைத் தம் தோலிலேயே செலுத்திக்கொண்டார். மறுநாள் அவ்விடத்தில் மீன் சாற்றைச் செலுத்த, தடிப்பு எழுந்தது. அப்பொருள் 'இம்யூனோகுளோபுலின் ஈ' என்பது 1960களின் பிற்பகுதியில் தெளிவாயிற்று.

இறாலில் இக்கேட்டை விளைவிக்கும் முதன்மையான புரதம் டிரோபோமையோசின். இதனை 1993இல் வெளியிட்ட ஆராய்ச்சியாளருள் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் சுப்பாராவும் ஒருவர். அவர்கள் ஆராய்ந்தது, கொச்சியைச் சூழ்ந்த பொக்காளி வயல்களில் வளரும் வெள்ளை இறாலே. மலையாளத்தில் இதனை நாரன் என்பர். இப்புரதம் கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. வேகவைத்த நீரிலும் கலந்துவிடுகிறது. ஆகவே இறாலை நீக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றுவது பாதுகாப்பன்று. இறால் உரிக்கும் கொட்டகைகளில் நீர்த்திவலையையும் ஆவியையும் சுவாசிக்கும் தொழிலாளருள் சிலருக்கு இழைப்பு உண்டாவதும் இக்காரணத்தினாலேயே. நண்டிலும் இதனையொத்த புரதம் உண்டு. (அயோடினே காரணம் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது, அது தவறு.)

இரண்டாவது, ஹிஸ்டமின் நஞ்சு. கானாங்கெளுத்தி, சூரை, மத்தி ஆகியவற்றின் தசையில் ஹிஸ்டிடின் மிகுதி. பிடித்த மீன் வெயிலில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதனை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. பின்னர் ஐஸில் இட்டாலும் வறுத்தாலும் அது நீங்காது. மீனின் நாற்றம் கொண்டும் அறிய இயலாது. முகம் சிவத்தல், தலைவலி, தடிப்பு, படபடப்பு ஆகியவை தோன்றிப் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கும். பிடித்தவுடன் மீனின் எடைக்குச் சமமான ஐஸ் இடுவதே தடுப்பு.

களஊழியர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அதே மீனை உண்ட மற்றவருக்கும் இவ்வாறு நேர்ந்ததா என்பது. பலருக்கு நேர்ந்திருந்தால் மீனை ஐயுறலாம். இறால் உண்ணும்போதெல்லாம் ஒருவருக்கு மட்டும் நேருமாயின் ஒவ்வாமையை ஐயுறவேண்டும். ஒருவரே உண்டிருந்தால் இக்கேள்வி பயன்படாது. முடிவு செய்வது, தோல் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் செய்யும் மருத்துவரின் பொறுப்பு.

மூச்சுத்திணறல், குரல் கம்முதல், நாக்கு வீக்கம், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காரணத்தை ஆராய்ந்துகொண்டிருத்தல் கூடாது. 108 ஊர்தியை அழைத்து, நோயாளியைக் கால்கள் உயர்ந்திருக்கப் படுக்கவைத்தல் வேண்டும். மூச்சு முட்டினால் உட்காரலாம், எழுந்து நடக்கலாகாது. உயிர்காக்கும் மருந்து, தொடைத்தசையில் செலுத்தும் அட்ரினலின் ஊசி. அரிப்புக்கான மாத்திரை அதற்கு ஈடாகாது. சற்றுத் தெளிந்தபின் மீண்டும் தாக்கக்கூடுமாதலால் சில மணிநேரம் மருத்துவமனையில் இருத்தல் அவசியம்.

பொட்டல உணவில் இறால், நண்டு முதலியன சேர்ந்திருப்பின் அதனைச் சீட்டில் குறிக்கவேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் இந்திய விதி. வீட்டிலிருந்து வரும் உணக்கச் செம்மீன் சம்மந்திக்கு அத்தகைய சீட்டு ஏது? ஒரு சிட்டிகை இறால் பொடியே போதுமானது. இறால் பொரித்த எண்ணெயும் அவ்வாறே. பள்ளியில் மாணவர் உணவைப் பகிர்ந்துண்ணும்போது, இன்ன மாணவருக்கு இன்னது ஆகாது என்பதை ஆசிரியர் அனைவரும், சமையற்காரரும் அறிந்திருத்தல் வேண்டும்.

இறால் ஒவ்வாதவர் மீனையும் விலக்க வேண்டுமென்பதில்லை. மீனில் ஒவ்வாமை விளைவிக்கும் முதன்மையான புரதம் வேறு. ஆதலால் பலருக்கு மீன் ஒத்துக்கொள்ளும். மலிவான மத்தியே முக்கியப் புரத உணவாக உள்ள வீட்டில், இதனை மருத்துவரிடம் கேட்டுத் தெளியாமல் குழந்தையின் தட்டிலிருந்து மீனை எடுத்துவிடலாகாது.