சடைநாய்க்குப் பவுடர் போடலாமா?

ஸ்ரீரங்கம் உத்தர வீதி, சித்திரை வீதிப் பக்கம் காலையில் நடந்து போனால், ஏதாவது ஒரு பால்கனிக் கம்பிக்கு நடுவே ஒரு கறுப்பு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். சுற்றிலும் வெள்ளைப் பஞ்சு மாதிரி முடி. பால்காரர், பேப்பர்காரர், கீரைக்காரம்மா என்று ஒருவரையும் விடாமல் குரைத்து அனுப்பும் அந்த ஜூலியோ ஜிம்மியோதான் பல வீடுகளில் கடைக்குட்டி. கடைக்குட்டி என்றால் குளித்ததும் பவுடர் இல்லாமலா? குழந்தைக்குப் போடும் அதே டப்பாவைக் கவிழ்த்து, கழுத்தில், முதுகில், அக்குளில் அடித்துவிடுகிறார்கள்.

பாசம் சரிதான். டப்பாதான் சரியில்லை.

நாம் 'பொமரேனியன்' என்று கூப்பிடும் நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். நம் ஊர் வெயிலுக்குப் பழகிவிட்ட தனி வகை. அசல் பொமரேனியன் இன்னும் குட்டையானது. விக்டோரியா மகாராணி 1888-ல் இத்தாலியில் 'மார்கோ' என்ற சின்ன பொமரேனியனை வாங்கிய பிறகுதான் அந்தக் குட்டை உருவம் பிரபலமானது. இந்தியாவில் 1994-ல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' இந்திப் படத்தில் கிரிக்கெட்டுக்கு அம்பயராக நின்ற 'டஃபி'யைப் பார்த்துவிட்டு வெள்ளை நாய்க்கு அடம்பிடித்த பிள்ளைகள் இன்று அப்பா, அம்மா ஆகியிருப்பார்கள்.

பெயர் எதுவானாலும் இந்த நாய்களுக்கு முடி இரண்டு அடுக்கு. வெளியே நீளமான, கொஞ்சம் முரடான முடி. உள்ளே தோலை ஒட்டி இலவம்பஞ்சு போல அடர்ந்த முடி. தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசை இந்த முடிகளில்தான் பரவுகிறது. ஆடிக்காற்றில் பறக்கும் புழுதியும் வண்டிப் புகையும் அந்தப் பசையில் ஒட்டிக்கொள்வதால்தான் வெள்ளை நாய் ஒரே வாரத்தில் பழுப்பு நாய் ஆகிறது. வாரத்துக்கு இரண்டு முறை குளிப்பாட்டினால் தோல் வறண்டு அரிப்பு வரும். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு குளியல் பொதுவாகப் போதும். நடுவில் வரும் அழுக்குக்குத்தான் பவுடர்.

பவுடரின் வேலை மணப்பது இல்லை, எண்ணெயை உறிஞ்சுவது. சட்டையில் எண்ணெய் சிந்தினால் உடனே மாவைத் தூவித் தட்டுகிறோமே, அதே கணக்கு. உறிஞ்சிய பவுடர் வெளியே வந்தால்தான் அழுக்கும் வெளியே வரும். நாய்க் கண்காட்சிகளுக்கு வெள்ளை நாய்களைத் தயார் செய்கிறவர்கள் சாக் பவுடரும் கார்ன்ஃப்ளாரும் பயன்படுத்துவது பழைய வழக்கம். ஆனால், சுத்தம் செய்யப் போட்ட எதுவும் போட்டி வளையத்துக்குள் வரும் முன் நீக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அமெரிக்கன் கென்னல் கிளப்பின் விதி. நம் வீடுகளில் நடப்பது தலைகீழ்: போடுகிறோம், எடுப்பதில்லை.

எந்தப் பவுடர் என்பதில்தான் கவனம் வேண்டும். நாய் தன் முடியை நக்கும் பிராணி. மேலே போடுவதில் ஒரு பங்கு வயிற்றுக்குள் போகும். தரையோடு தரையாக மூக்கை வைத்து மூச்சு விடுவதால் இன்னொரு பங்கு நுரையீரலுக்குப் போகும். டால்கம் பவுடர் என்பது மிக மெல்லியதாக அரைத்த ஒரு வகைக் கல். அதை சுவாசிப்பது நுரையீரலுக்கு ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2024-ல் டால்க்கை, 'மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் சேர்த்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் பேபி பவுடரை 2023-ல் உலகம் முழுக்க சோள ஸ்டார்ச்சுக்கு மாற்றிவிட்டது. அலமாரியில் பழைய டப்பா இருந்தால் அது நாய்க்கும் வேண்டாம்.

வியர்க்குரு பவுடர் இதைவிட மோசம். துத்தநாக ஆக்ஸைடு, போரிக் அமிலம் போன்றவை அவற்றில் இருப்பதுண்டு. நக்கினால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைக் குறைத்துக்கொள்கிறது. அதற்கு எதற்கு வியர்க்குரு பவுடர்? கேரம் போர்டுக்கும் கரப்பான்பூச்சிக்கும் போடும் போரிக் பவுடர் பக்கமே போக வேண்டாம். வாசலுக்குப் போடும் கோலமாவும் பல வீடுகளில் கல்மாவுதான்.

சூப்புக்குப் போடும் வெள்ளை கார்ன்ஃப்ளார் போதும். மஞ்சள் மக்காச்சோள மாவு அல்ல. கூகைக்கிழங்கு மாவும் ஆகும். முதலில் சிக்கெடுத்து சீவிவிடுங்கள். முடி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் போட்டால் மாவு பிசைந்த கதைதான். அது காய்ந்து சடையாகி, அடியில் தோல் புழுங்கிப் புண்ணாகும். இரண்டு டீஸ்பூன் மாவைக் கையில் கொட்டி, முடியைப் பிரித்துத் தேயுங்கள். மேலிருந்து தூவினால் புகை மாதிரிப் பறக்கும். முகம், கண், காது, பின்புறம் வேண்டாம். ஃபேனை நிறுத்திவிடுங்கள். வீட்டில் வீசிங் உள்ளவர்கள் தள்ளியிருக்கட்டும். பத்து நிமிடம் கழித்து, மொட்டைமாடியில் வைத்து, முடியின் எதிர்த்திசையில் பிரஷ் போட்டு மாவு முழுவதையும் உதறி எடுங்கள். மிச்சம் விட்டால் எறும்பு வரும். நாய் மேல் எறும்பு ஏறினால் அன்றைக்கு வீட்டில் யாரும் தூங்க முடியாது!

கண்ணுக்குக் கீழே இருக்கும் செம்பழுப்புக் கறை மாவுக்குப் போகாது. அது கண்ணீரில் உள்ள நிறமி. ஈரத்துணியால் தினமும் ஒற்றி எடுப்பதுதான் வழி. திடீரென அதிகமானால் கண்ணைக் காட்ட வேண்டும். வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று மொட்டை அடிப்பதும் தப்பு. அந்த முடிதான் அதற்குக் குடை. வெட்டினால் முன்போல் வளராமலும் போகலாம்.

ஐப்பசி அடைமழையில்தான் பவுடர் டப்பா அதிகம் காலியாகும். வெளியே ஈரம், நாய் காயாது, வீடெல்லாம் வாடை. முதலில் டவலும் ஃபேனும். உள்முடி காயும்வரை பொறுமையாக விரலால் பிரித்துக் காட்டுங்கள். காய்ந்த பிறகும் வாடை இருந்தால் காதைத் தூக்கிப் பாருங்கள், பல்லைப் பாருங்கள், முடியைப் பிரித்துத் தோலைப் பாருங்கள். காதுச் சீழ், பல் சொத்தை, பூஞ்சை எதுவாகவும் இருக்கலாம். அப்போது பவுடர் போட்டு மணக்க மணக்கக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போகாதீர்கள். அந்த வாடையோடு, அப்படியே கூட்டிப் போங்கள். இல்லாவிட்டால் அவர் முதலில் பவுடரைத் துடைத்துவிட்டுத்தான் தோலைப் பார்க்க வேண்டியிருக்கும்.