சோறு உதிர்வதும் ஒட்டுவதும்

ஒரு மூலக்கூறில் உள்ள அணுத்தொகுதியைப் பிரித்தெடுத்து இன்னொரு மூலக்கூறில் சேர்க்கும் நொதிகளுக்கு டிரான்ஸ்ஃபரேஸ் என்று பெயர். வடித்த சோறு பொலபொலவென்று உதிர்வதும், குழைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்த ஒரே ஒரு நொதியைப் பொறுத்தவை. ஸ்டார்ச் துகளுக்குள்ளேயே தங்கி வேலை செய்யும் ஸ்டார்ச் சின்தேஸ் அது. ஆய்வாளர்கள் அதைச் சுருக்கமாக ஜிபிஎஸ்எஸ் என்பார்கள்.

நெல்மணியில் சேரும் ஸ்டார்ச் இரண்டு பொருள்களின் கலவை. இரண்டுமே குளுக்கோஸ் கண்ணிகளால் ஆனவைதாம். அமைலோஸ் ஏறக்குறைய கிளையே இல்லாத நீண்ட சங்கிலி. அமைலோபெக்டின் அடர்ந்து கிளைத்தது, உருவில் மிகப் பெரியது. சங்கிலியில் சேரவேண்டிய குளுக்கோஸை ஏடிபி (அடினோசின் டைஃபாஸ்பேட்) என்ற மூலக்கூறு சுமந்து வருகிறது. நொதி அந்தக் குளுக்கோஸைக் கழற்றிச் சங்கிலியின் நுனியில் பொருத்துகிறது. ஏடிபி விலகிப் போகிறது. இப்படிச் சர்க்கரையைச் சுமந்து வரும் மூலக்கூறுகளைக் கண்டறிந்த அர்ஜென்டினா விஞ்ஞானி லூயிஸ் லெலுவாருக்கு 1970இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இதே வேலையைச் செய்யும் வேறு ஸ்டார்ச் சின்தேஸ்களும் தாவரத்தில் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் துகளுக்கு வெளியே இயங்குகின்றன. கிளைகளை உண்டாக்கும் நொதியும் அங்கேயே இருப்பதால், அவை நீட்டிய சங்கிலி அமைலோபெக்டினாக முடிகிறது. ஜிபிஎஸ்எஸ் துகளின் உள்ளே இறுகப் பதிந்திருக்கிறது. கிளை நொதியின் கை எட்டாத அந்த இடத்தில் சங்கிலி நேராகவே வளர்ந்து அமைலோஸ் ஆகிறது. செய்யும் வினையைக் காட்டிலும் இருக்கும் இடம்தான் இந்த நொதிக்குத் தனித்தன்மை தருகிறது என்றே சொல்லலாம். அந்த இடத்துக்கு அதைக் கொண்டு சேர்க்கத் தனியாக ஒரு புரதம் இருப்பது, ஆய்வுக்கூடங்களில் அதிகம் வளர்க்கப்படும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் 2015இல் தெரியவந்தது.

உலை கொதிக்கும்போது ஸ்டார்ச் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன; அமைலோஸ் கசிந்து வெளியேறுகிறது. ஆறும்போது நேரான அந்தச் சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் அமைந்து இறுகிக்கொள்கின்றன. அமைலோஸ் மிகுந்த அரிசியின் சோறு உதிரியாக இருப்பதும், ஆறினால் விறைத்துப்போவதும் இதனால்தான். ஸ்டார்ச்சில் 25 விழுக்காட்டுக்கு மேல் அமைலோஸ் இருந்தால் அது உயர் அமைலோஸ் அரிசி. தென்னிந்தியாவில் சாதாரணமாகப் புழங்கும் அரிசி ரகங்களில் பல இந்த வகை. ஜப்பானியர் உண்ணும் அரிசியில் பொதுவாக 20 விழுக்காட்டுக்கும் குறைவு. லாவோசிலும் வடகிழக்குத் தாய்லாந்திலும் அன்றாட உணவான ஒட்டரிசியில் அமைலோஸ் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

வேறுபாட்டின் வேர் நெல்லின் 6ஆவது குரோமோசோமில் உள்ள வாக்ஸி என்ற மரபணுவில் இருக்கிறது. ஜிபிஎஸ்எஸ் நொதிக்கான செய்முறை எழுதப்பட்டிருப்பது அதில்தான். ஜப்பானிய வகை நெல்லில் இந்த மரபணுவின் ஓரிடத்தில் ஜி என்ற எழுத்து டி ஆக மாறியிருக்கிறது. அதனால் மரபணுவின் நகல் சரியாக வெட்டி ஒட்டப்படாமல் நொதி குறைவாகவே உருவாகிறது. ஒட்டரிசியில் 23 எழுத்துகள் இரட்டித்துப் புகுந்து செய்முறையையே குலைத்துவிட்டன. நொதி இல்லாவிட்டாலும் செடி வளர்கிறது, ஸ்டார்ச் துகளும் உருவாகிறது, விதை முளைக்கிறது. இந்தக் குறை செடியைக் கொல்வதாக இருந்திருந்தால் எந்த உழவரும் அதை விதைநெல்லாகத் தேர்ந்து வைத்திருக்க முடியாது.

மரபணுவின் பெயர் மக்காச்சோளத்திலிருந்து வந்தது. 1908இல் ஷாங்காயிலிருந்து ஒரு மதபோதகர் அமெரிக்காவுக்கு அனுப்பிய சோள விதைகளின் உள்ளீடு மெழுகுபோல (ஆங்கிலத்தில் வாக்ஸி) மங்கலாக இருந்தது. சாதாரண ஸ்டார்ச் அயோடின் பட்டால் கருநீலமாகும், இது செம்பழுப்பாகியது. மகரந்தத் தூளிலும் இந்த நிற வேறுபாடு தெரியும் என்பதால் மரபியலாளர்களுக்கு இது அருமையான அடையாளமாகிப் போனது. இடம்விட்டு இடம் தாவும் மரபணுக்களைக் கண்ட பார்பரா மெக்லின்டாக்கின் ஆய்வுகளிலும் வாக்ஸிக்கு இடமுண்டு. இந்தச் சோளத்தில் குறைவது ஜிபிஎஸ்எஸ் என்பது 1962இல்தான் உறுதியாயிற்று.

அதற்கு முன்பே அதன் சந்தை மதிப்பு தெரிந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜாவாவை ஜப்பான் பிடித்ததும் அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த மரவள்ளி மாவு நின்றுபோனது. அதற்கு மாற்றாகப் பயிரிடப்பட்டது இந்தச் சோளம்தான். (சேலம் பகுதியில் ஜவ்வரிசித் தொழில் காலூன்றியதும் அதே போர்க்காலத் தட்டுப்பாட்டில்தான்.) அமைலோஸ் இல்லாத ஸ்டார்ச் ஆறினாலும் எளிதில் இறுகாது, தெளிவாக இருக்கும், சாஸ், சூப், பசை செய்பவர்களுக்கு இது பெரிய வசதி.

கோதுமையில் கதை சற்றுச் சிக்கல். சாதாரணக் கோதுமையில் மூன்று தொகுதி குரோமோசோம்கள் இருப்பதால் வாக்ஸி மரபணுவும் மூன்று. ஒன்று மட்டும் செயலிழந்தால் அமைலோஸ் சற்றே குறையும். உடான் நூடுல்ஸின் மென்மைக்கு ஜப்பானியர் விரும்பும் பதம் அப்படிப்பட்ட கோதுமையில் கிடைக்கிறது. அவர்களுக்காக ஆஸ்திரேலியா இத்தகைய ரகங்களைத் தனியாகவே விளைவித்து அனுப்புகிறது. மூன்றும் செயலிழந்த கோதுமையை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990களில் கலப்பினம் மூலம் உருவாக்கினார்கள்.

உருளைக்கிழங்கில் மரபணு மாற்றத்தால் இதே நொதியை அடக்கி பிஏஎஸ்எஃப் நிறுவனம் கொண்டுவந்த ரகம் ஆம்ஃப்ளோரா. காகித, நூல் ஆலைகளின் ஸ்டார்ச் தேவையை மனத்தில் வைத்து உருவான அதற்கு 2010இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அனுமதி கிடைத்தது. எதிர்ப்பு ஓயாததால் 2012இல் நிறுவனமே அதை ஐரோப்பியச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது.