ஸபரில் நிக்காஹ் கூடாதா?

ஸபர் பிறை தென்பட்டுவிட்டால் நம்மில் சிலருடைய இல்லங்களில் நிக்காஹ் பேச்சே நின்றுவிடுவதைத் தாங்கள் கண்டிருப்பீர்கள். மாப்பிள்ளை அமைந்து, மஹரும் பேசி முடித்த பின்னர், "இந்த மாதம் கழியட்டும்" என்று பெண்ணைப் பெற்றோர் காத்திருப்பார்கள். அம்மாதத்தின் இறுதிப் புதனை ஒடுக்கத்துப் புதன் என்று சொல்லி அஞ்சுவோரும் உளர். ஸபர் என்னும் பெயர் எதனால் வந்தது என்று சற்றே ஆராய்வோம்.

அரபியர் தம் வாழ்க்கையிலிருந்தே மாதங்களுக்குப் பெயர் எடுத்தனர். போர் விலக்கப்பட்ட மாதம் முஹர்ரம். அது கழிந்ததும் ஆடவர் போருக்கும் பயணத்துக்கும் புறப்பட, வீடுகள் வெறுமையாயின. அவ்வெறுமையே ஸபர் என்னும் பெயருக்குக் காரணம் என்பர் மொழி வல்லார். ஆளில்லாத வீடு, அவ்வளவே! இதில் பீடை எங்கிருந்து வந்தது?

ரபீஉ என்பது வசந்தம். ஜுமாதா, நீர் உறையும் குளிர். ரமளான், சுட்டெரிக்கும் வெப்பம். அவ்வாறாயின் ரமளான் மார்கழிக் குளிரிலும் வருவதேன் என்று தாங்கள் வினவலாம். பிறைக் கணக்கின் ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைந்தது. ஆதலால் ஏறக்குறைய 33 ஆண்டுகளில் ஒவ்வொரு மாதமும் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். பெயர் மட்டும் பழைய பருவத்தைச் சொல்லிக் கொண்டிருக்கிறது. அறியாமைக் கால அரபியரோ, போருக்கு வசதியாக முஹர்ரத்தின் புனிதத்தை ஸபருக்குத் தள்ளி வைப்பதும் உண்டு. நஸீஉ எனப்படும் இவ்வழக்கத்தைத் திருக்குர்ஆன் 9ஆம் அத்தியாயத்தின் 37ஆம் வசனம் இறைமறுப்பின் மிகுதி என்று கண்டித்து ஒழித்தது.

ஸபரில் ஏதுமில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தது புகாரியில் பதிவாகியுள்ளது. அங்கே ஸபர் என்பது ஒரு வயிற்று நோயைக் குறிப்பதாகக் கொண்ட அறிஞர்களும் உளர். மாதத்தையே குறிப்பதாகக் கொண்டோர், அதன்மேல் அரபியர் வைத்திருந்த அச்சத்தை நாயகம் (ஸல்) அவர்கள் நீக்கியதாக விளக்குவர்.

அவ்வரபியருக்கு ஷவ்வாலும் ஆகாத மாதமே. பெண் ஒட்டகம் ஆண் ஒட்டகத்தை அண்டவிடாது வாலை உயர்த்தும் பருவத்தால் அமைந்த பெயர் அது. எனவே அம்மாதத்து மணப்பெண்ணும் கணவனோடு ஒட்டமாட்டாள் என்று எண்ணினர்! ஹஜ்ரத் ஆயிஷா (ரலி) அவர்களோ, தம்மை நாயகம் (ஸல்) அவர்கள் மணந்ததும் இல்லம் அழைத்துக் கொண்டதும் ஷவ்வாலில்தான் என்றும், தம்மைவிட அவர்களின் அன்பைப் பெற்ற மனைவி யார் என்றும் கேட்டார்கள். தம்மைச் சார்ந்த பெண்களையும் ஷவ்வாலிலேயே கணவர் இல்லம் அனுப்ப விரும்புவார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிம் கூறுகிறது.