மருந்தும் சோறும்

பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே கெலிஓயாவில் வாழும் எனக்கு, மருந்து உறைகளோடு பஸ்ஸிலிருந்து இறங்குவோரைக் காண்பது அன்றாடக் காட்சி. அத்தகைய உறையொன்றைச் சில மாதங்களுக்கு முன்னர் என் தங்கை என் முன்னே வைத்தாள்.

"அண்ணே, இரண்டு மாதமாக ஒரு வேளை தவறாமல் கொடுக்கிறேன். பிள்ளை சோற்றைத் தொடுகிறாளில்லையே! இந்தக் குளிசை எதற்கு?"

அவள் மகளுக்கு வயது பதினேழு. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கிய காலத்தில் முதலில் இனிப்பை விட்டாள். பின்னர் தேங்காய்ப்பாற் கறியை விட்டாள். ஈற்றில் சோற்றையே வெறுத்தாள். எலும்பு தெரிய மெலிந்த பின்னரும் தான் பருத்திருப்பதாகவே எண்ணினாள். கண்ணூறு என்று நூல் கட்டினார்கள். பின்பு மருத்துவர் ஒருவர் சில நிமிடங்களிற் பார்த்துக் குளிசை எழுதிக் கொடுத்தார். அது எதனைச் செய்யும், எதனைச் செய்யாது என்று தாய்க்கு எவரும் சொல்லவில்லை. அந்த விடையைத் தேடியபோது நான் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

இந்நோய் புதியதன்று. லண்டனில் வில்லியம் கல் என்பாரும், பாரிஸில் லசேக் என்பாரும் 1873ஆம் ஆண்டிலேயே இதனை விவரித்தனர். அனொரெக்சியா நேர்வோசா என்னும் பெயர் கல் இட்டது. மேனாட்டார் நோய் என்று நாம் ஒதுக்கிவிடவும் இயலாது. இலங்கையில் இளம் பருவத்தினரிடம் கண்ட இந்நோய் பற்றி 2002ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினரும் சிறுவர், இளைஞரிடையே காணும் உண்ணல் நோய்களை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டனர்.

மருந்துகளின் நிலை யாது? உண்ணல் நோய்கள் பலவகையின. அளவின்றி உண்டு பின் வாந்தி எடுக்கும் பூலிமியா நோயில், புளுஒக்செற்றின் என்னும் மருந்து ஓரளவு பயன் தருவது உண்மை. அமெரிக்க அரசின் மருந்து நிருவாகம் அந்நோய்க்கு அதனை அங்கீகரித்திருக்கிறது. நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் என்பது அதற்குரிய அளவு. கட்டுக்கடங்காது உண்ணும் நோய்க்கு வேறொரு மருந்து 2015இல் அங்கீகாரம் பெற்றது. ஆனால், உண்ண மறுக்கும் அனொரெக்சியாவுக்கென அந்நிருவாகம் அங்கீகரித்த மருந்து ஒன்றேனும் இல்லை.

நியூயோர்க்கிலும் ரொறன்ரோவிலும், எடை தேறிய 93 நோயாளரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்குப் புளுஒக்செற்றினும், மறுபகுதியினருக்கு மருந்தற்ற வெறுங் குளிசையும் கொடுத்தனர். நோய் மீளாமற் காப்பதில் இரண்டுக்கும் வேறுபாடு காணவில்லை என 2006இல் முடிவு வெளிவந்தது. ஒலன்சப்பீன் என்னும் மருந்தை 152 பேரிடம் சோதித்த ஆய்வு 2019இல் வெளியாயிற்று. எடை சிறிது ஏறியது. நோயின் எண்ணங்களோ மாறவில்லை.

ஏன் இவ்வாறு? புளுஒக்செற்றின் போன்றவை மூளையிலுள்ள செரட்டோனின் என்னும் பொருளைக் கொண்டு தொழிற்படுவன. அப்பொருளோ நாம் உண்ணும் உணவிலுள்ள சத்தொன்றினால் ஆவது. உணவே செல்லாத உடம்பில் மருந்து எதனைப் பற்றிக்கொண்டு வேலை செய்யும்? ஆய்வாளர் கூறும் காரணங்களில் இதுவும் ஒன்று.

பட்டினி மனத்தையே மாற்றும் என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. 1944-45ஆம் ஆண்டுகளில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்னும் விஞ்ஞானி, நல்ல உடல்நலமுள்ள 36 இளைஞரை அவர்தம் சம்மதத்துடன் ஏறக்குறைய ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். அவர்கள் சோர்ந்தனர், சினந்தனர், தனிமையை நாடினர், சமையற் புத்தகங்களைச் சேர்த்தனர், சிந்தையெல்லாம் உணவாயிற்று. அவர்களை மீட்டது குளிசையன்று. மீண்டும் கிடைத்த உணவும், அதனோடு கழிந்த பல மாதங்களுமே.

ஆகவே பிரித்தானியாவின் மருத்துவ வழிகாட்டல் நிறுவனம் 2017இல் வெளியிட்ட நெறிகள், உண்ணல் நோய்களுக்கு மருந்தை மட்டுமே தனிச் சிகிச்சையாகக் கொடுத்தல் ஆகாது என்கின்றன. உளவியற் சிகிச்சைக்கே அவை முதலிடம் தருகின்றன. இளம் வயதினராயின், லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் உருவான முறைப்படி, பெற்றோரே உணவுப் பொறுப்பை ஏற்றுப் பிள்ளையின் அருகிலிருந்து உண்பிக்கின்றனர்.

இதனைப் படிப்போர் குளிசையை வீசியெறிந்துவிடல் வேண்டா! இந்நோயோடு மனச்சோர்வும் பெரும் பதற்றமும் சேர்ந்து வருவதுண்டு. அவற்றுக்கு மருந்து வேண்டியிருக்கலாம். திடீரென நிறுத்துவதும் தீங்கு. நெடுநாட் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாக உணவைப் பெருக்குவதும் ஆபத்து. இரத்தத்திலுள்ள உப்புக்களின் அளவு குலைந்து இதயமே நின்றுவிடக் கூடும். மருத்துவரின் கண்காணிப்பு இன்றியமையாதது. நான் கேட்பதெல்லாம், குளிசையைக் கையிற் கொடுக்கும்போது அதன் எல்லையையும் சொல்லிக் கொடுங்கள் என்பதே.

வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதியை உணவுக்கே ஒதுக்கினார். அதன் இறுதிக் குறளிலே நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிலிருந்து அதனைக் கொடுப்பவன் என மருத்துவத்தை நான்கு கூறாக்கினார். நாமோ நான்கில் ஒன்றைக் காகித உறையிலிட்டு, அதுவே முழுமை என்று வீடு திரும்புகிறோம்.

வேறு மருத்துவர் ஒருவரிடம் இப்போது பிள்ளையை அழைத்துச் செல்கிறோம். அவர் மனச்சோர்வுக்கென ஒரு மருந்தை மாத்திரம் வைத்துக்கொண்டார். வாரந்தோறும் எடை பார்க்கிறார். தாயிடமும் மகளிடமும் தனித்தனியே பேசுகிறார். பிள்ளை குணமாகிவிட்டாள் என்று எழுத எனக்கு ஆசைதான். இன்னும் அந்நாள் வரவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது மேசையில் ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அவள் அழுதாள், தங்கை கோபிக்கவில்லை, எழுந்து போகவுமில்லை. கோப்பையிலிருந்த சோறு மெல்ல மெல்லக் குறைந்தது. குளிசை அதன் பின்னரே உறையிலிருந்து வெளிவந்தது.